"ஆச்சும்மா" என்ற பதில்: டர்பனில் ஒரு தோள்பட்டை வலியும் ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையும்

பின்னணி

டர்பன் நகரின் தென்மேற்கே, சாட்ஸ்வர்த் பக்கம் இருக்கும் ஒரு சிறிய சிகிச்சையகத்தில் மசாஜ் சிகிச்சையாளராக வேலை செய்கிறேன். அக்குபங்சர், மசாஜ், உணவு ஆலோசனை மூன்றும் ஒரே கூரையின் கீழ் உண்டு. தென்னாப்பிரிக்காவில் அக்குபங்சரையும் சிகிச்சை மசாஜையும் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிச் செய்துவிட முடியாது. 1982-ஆம் ஆண்டின் 63-ஆம் எண் சட்டப்படி இயங்கும் அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சிலில் பதிவு வேண்டும். அக்குபங்சருக்கும் சிகிச்சை மசாஜுக்கும் தனித்தனிப் பதிவு. எங்கே போனாலும் பதிவு எண்ணைக் கேட்டுப் பார்க்க நோயாளிக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும்.

இங்கே எழுதுவது எங்களிடம் வந்த ஒருவரின் கதை. அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி எழுதுகிறேன். வயது 57. துணி ஆலையில் முப்பது வருடம் தையல் மெஷினில் உட்கார்ந்தவர். இப்போதும் வீட்டில் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரை நோய், கூடவே ரத்த அழுத்தம். அரசுக் கிளினிக்கில் மாத்திரை வாங்குகிறார்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின்.

அவருடைய பாட்டனாரின் தகப்பனார் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர். அம்மாவிடமும் சாயங்காலத் தமிழ்ப் பள்ளியிலும் கற்ற தமிழை இவர் விடாமல் வைத்திருக்கிறார். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்று தெரிந்ததும், ஆங்கிலத்தை ஒதுக்கிவிட்டு என்னிடம் தமிழில்தான் பேசுவார். இங்கே வழக்கப்படி நான் அவரை ஆன்ட்டி என்பேன், அவர் என்னைக் கண்ணு என்பார். இந்த நெருக்கமும் பின்னால் நடந்த தவறில் பங்கு வகித்தது. அதனால்தான் சொல்லி வைக்கிறேன்.

முதல் வருகை

செப்டம்பர் முதல் வாரம். மகள் வாட்ஸ்அப்பில் "அம்மாவுக்கு நல்லா அழுத்தி ஒரு மணி நேர மசாஜ்" என்று நேரம் வாங்கியிருந்தார். வலது தோளில் ஏழு மாதமாக வலி. தலை வார முடியவில்லை, ரவிக்கை கொக்கி மாட்ட முடியவில்லை, இரவில் அந்தப் பக்கம் புரண்டால் தூக்கம் போய்விடுகிறது. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் மூன்று தடவை சுளுக்கு வழித்துவிட்டிருக்கிறார். மூன்றாவது தடவைக்குப் பிறகு வலி கூடியிருக்கிறது.

அன்றைக்கு மசாஜ் செய்யவில்லை. முதல் வருகையில் பாதிக்கு மேல் கேள்வியாகத்தான் இருக்கும். என்ன மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, கால் மரத்துப்போகிறதா, விழுந்தீர்களா, காய்ச்சலோ எடைக் குறைவோ உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்போம். அக்குபங்சர் செய்பவர் நாக்கையும் இரண்டு கை நாடியையும் பார்ப்பார். "ஊசி போடுவாங்கன்னு வந்தா வாயைத்தான் கிளறுறாங்க" என்று ஆன்ட்டி மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் எதிர்பார்ப்பில் தவறில்லை. இப்படித்தான் இருக்கும் என்று நேரம் கொடுக்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும்.

என்ன கண்டோம்

கையை அவரே தூக்கியபோது 95 பாகைக்கு மேல் போகவில்லை. அவர் தளர்வாக விட, நாங்கள் தூக்கினாலும் அதே இடத்தில் நின்றது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்பினால் 15 பாகை மட்டுமே வந்தது. இது முக்கியமான குறிப்பு. தசைநார் கிழிந்த தோளாக இருந்தால், நோயாளி தூக்க முடியாத கையையும் அடுத்தவர் பெரும்பாலும் தூக்கிவிட முடியும். இரண்டு விதத்திலும் பூட்டிக்கொண்டால், மூட்டைச் சுற்றிய உறையே தடித்துச் சுருங்கும் ஃப்ரோசன் ஷோல்டராக இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, ஆறுவதும் மெதுவாக. அவருடைய குடும்ப மருத்துவர் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பில் கோளாறு எதுவும் இல்லை. அவரும் இதே பெயரைத்தான் எழுதியிருந்தார். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று சொன்னாராம். அது சில நாள் சர்க்கரையை ஏற்றும் என்பதால் ஆன்ட்டி வேண்டாம் என்றிருக்கிறார்.

கழுத்திலிருந்து தோள் வரை ஓடும் தசை கயிறு மாதிரி இறுகியிருந்தது. வலிக்கு 10-க்கு எத்தனை என்று கேட்டால், பகலில் 5, இரவில் 8.

என்ன முடிவெடுத்தோம், ஏன்

அழுத்தி மசாஜ் செய்வதில்லை என்பது முதல் முடிவு. சுருங்கிய மூட்டுறையைக் கட்டை விரலால் விரிக்க முடியாது. வலிக்க வலிக்க அழுத்தினால் சுற்றியுள்ள தசை இன்னும் இறுகிக்கொள்ளும், வழித்துவிட்ட பிறகு வலி கூடியதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம். மூட்டை விட்டுவிட்டு, கழுத்தையும் முதுகையும் தோள்பட்டை எலும்பைச் சுற்றியும் மிதமாக நீவுவது என்று வைத்துக்கொண்டோம்.

அக்குபங்சர் எதற்கு? நாள்பட்ட வலிக்கு அது ஓரளவு உதவுகிறது. 2018-இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றில் 39 சோதனைகள், 20,827 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதுகு, கழுத்து, தோள், மூட்டுத் தேய்மானம், தலைவலி எல்லாவற்றிலும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் போட்டுக்கொள்ளாதவர்களைவிட நன்றாக இருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க மட்டும் போடும் போலி ஊசியோடு ஒப்பிட்டபோதும் வித்தியாசம் இருந்தது, ஆனால் அது சிறியது. இதை ஆன்ட்டியிடம் மறைக்கவில்லை. "வலியும் தூக்கமும் சீக்கிரம் தேறலாம். கை முழுசாத் தூக்க மாசக் கணக்காகும், வருஷமும் ஆகலாம். ஊசி பூட்டைத் திறக்காது, நீங்க பயிற்சி செய்றதுக்கு வலியைக் குறைச்சுக் கொடுக்கும்" என்றேன்.

"தைப்பூசத்துக்குக் காவடி தூக்கணும் கண்ணு. அதுக்குள்ள ஆகுமா?" என்றார்.

ஆகும் என்று சொல்லவில்லை. ஆறு அமர்வு பார்ப்போம், இரவு வலி குறையவில்லை என்றால் அதற்கு மேல் அவர் காசைச் செலவழிக்க விடமாட்டோம் என்று பேசி முடித்தோம்.

ஊசியைப் பற்றிப் பயம் உண்டா என்றும் கேட்டோம். சிரித்துவிட்டார். அவர் தம்பி வருடா வருடம் காவடியில் கன்னத்தில் வேல் குத்திக்கொள்பவர். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பவர்களைச் சிறு வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவர் இவர். "உங்க ஊசி கொசுக்கடி" என்றார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம். பயமில்லாதவருக்கும் ஊசியில் மயக்கம் வரலாம், வெறும் வயிறாக வரக்கூடாது என்று வழக்கமாகச் சொல்லும் பகுதியை அந்தச் சிரிப்போடு தாண்டிப் போய்விட்டோம்.

முதல் இரண்டு அமர்வுகள்

இரண்டும் புதன்கிழமை. முடியைவிடத் தடித்த, 0.25 மில்லிமீட்டர் ஊசிகள். உறையைப் பிரித்தால் ஒரு முறைதான், எடுத்ததும் கூர்பொருள் பெட்டிக்குள் போய்விடும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள சதை, முழங்கை, தோளைச் சுற்றி, கெண்டைக்கால் எலும்பின் முன்பக்கம் என்று ஒன்பது இடம். தோளின் உச்சித் தசையில் மட்டும் அக்குபங்சர் செய்பவர் தசையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு மேலாகத்தான் போடுவார். அதற்கு நேர் கீழே நுரையீரலின் முனை இருக்கிறது. ஆழமாகப் போனால் ஆபத்து.

குத்தும்போது சுருக்கென்று ஒரு நொடி. பிறகு சில இடத்தில் கனமாக, சில இடத்தில் மின்சாரம் ஓடுவது போல இருக்கும். ஆன்ட்டி அதை "உள்ளே யாரோ நூல் இழுக்கற மாதிரி" என்றார், தையல்காரர் அல்லவா. இருபது நிமிடம் அப்படியே விட்டு எடுத்தபின், நல்லெண்ணெய் வைத்து அரை மணி நேரம் நீவினேன். நீவும் இடம் தவிர மற்ற உடம்பு துண்டால் மூடியிருக்கும். அழுத்தம் அதிகமானால் சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவேன். பொறுத்துக்கொள்வதுதான் மரியாதை என்று நினைக்கும் தலைமுறை அவருடையது, அதனால் முகத்தையும் கால் விரலையும் பார்த்துக்கொண்டே செய்வேன். வலித்தால் கால் விரல் மடங்கும்.

முதல் அமர்வுக்கு மறுநாள் உடம்பு முழுக்க அசதி, முழங்கையில் சிறிய ரத்தக்கட்டு. இரண்டாவதுக்குப் பிறகு இரவு வலி 8-லிருந்து 6. சுவரில் விரலால் ஏறும் பயிற்சியும், குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டும் பயிற்சியும் தினம் மூன்று வேளை செய்துவந்தார்.

புரட்டாசிச் சனிக்கிழமை

மூன்றாம் அமர்வுக்கு மகளால் புதன்கிழமை காரோட்டி வர முடியவில்லை, சனிக்கிழமைக்கு மாற்றினார். புரட்டாசி பிறந்திருந்தது. இந்த ஊரில் தமிழ் வீட்டுக்குள் சுருங்கிப்போனாலும் புரட்டாசி சுருங்கவில்லை. மாதம் முழுக்கக் கவிச்சி கிடையாது, சனிக்கிழமை பெருமாளுக்கு விளக்கேற்றி வாழையிலை போட்டுப் படைத்த பிறகுதான் பலர் வாயில் பருக்கை வைப்பார்கள். எனக்கு இது தெரியாததா? என் வீட்டிலும் அன்று அப்படித்தான்.

காலை பத்தரை மணி. வாசலில் வரவேற்றபோதே கேட்டேன்: "சாப்ட்டீங்களா ஆன்ட்டி?"

"ஆச்சும்மா, நீ சாப்ட்டியா?"

"ஆச்சு ஆன்ட்டி."

நானும் சாப்பிட்டிருக்கவில்லை.

வலது பக்கம் படுக்க முடியாது, தோளைச் சுற்றி இடம் வேண்டும் என்று முதல் இரண்டு முறையும் நாற்காலியில் உட்கார வைத்தே போட்டிருந்தோம். அன்றும் அப்படியே. ஒன்பது ஊசியும் போட்டு எட்டு நிமிடம் இருக்கும். ஆன்ட்டி கொட்டாவி விட்டார். மறுபடி ஒன்று. மேலுதட்டில் பொடிப் பொடியாக வியர்வை. "கண்ணை இருட்டுது கண்ணு" என்றவர் குரல் தூரத்திலிருந்து வருவது போல இருந்தது.

அக்குபங்சர் செய்பவர் பக்கத்து அறையிலிருந்து இரண்டெட்டில் வந்து ஊசிகளை எடுத்தார். போட்டது ஒன்பது, எடுத்தது ஒன்பது என்று வாய்விட்டு எண்ணினோம். கட்டிலில் படுக்க வைத்து, காலடியில் இரண்டு தலையணை வைத்தோம். ஊசி மயக்கம்தான் என்று இருவருமே நினைத்தோம். அதுவாக இருந்தால் படுத்த சில நிமிடத்தில் முகத்தில் ரத்தம் திரும்பிவிடும்.

திரும்பவில்லை. வியர்வை நிற்காமல் ரவிக்கை நனைந்தது, விரல் நடுங்கியது. நாடியைப் பிடித்தேன், நிமிடத்துக்கு 104. ஊசி மயக்கத்தில் நாடி பெரும்பாலும் மெதுவாகும். இது ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. "ஆன்ட்டி, இன்னிக்கு என்ன சாப்ட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. சனிக்கிழமையில்ல? படைச்சிட்டுத்தான்."

"மாத்திரை?"

"அது காலைல ஆறு மணிக்கே போட்டாச்சு."

அடுத்த ஒரு மணி நேரம்

சர்க்கரை பார்க்கும் மீட்டர் எங்களிடம் இருந்தது, ஆனால் எந்த மேசையின் எந்த இழுப்பறையில் என்று தேடவேண்டியிருந்தது. அதில் இரண்டு நிமிடம் போயிற்று. எண் 3.2 மில்லிமோல். நம் ஊர்க் கணக்கில் சுமார் 58 மில்லிகிராம். இந்த நாட்டில் 4-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை என்று எடுத்துக்கொண்டு உடனே கவனிக்க வேண்டும்.

நினைவு தெளிவாக இருந்தது, விழுங்கவும் முடிந்தது. நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கி நீட்டினேன், சுமார் 15 கிராம் வரும். வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். "விரதம் கண்ணு." அந்த நிலையிலும் அப்படிச் சொன்னார். ஏன் சாப்பிடாமல் வந்தீர்கள் என்று கேட்டிருந்தால் அழுதிருப்பார். "இது சாப்பாடு இல்ல ஆன்ட்டி, மருந்து. மாத்திரை போட்டீங்கல்ல, அது மாதிரி" என்றேன். என் முகத்தையே ஒரு கணம் பார்த்தார். "கோவிந்தா" என்று சொல்லிக்கொண்டு குடித்தார்.

பதினைந்து நிமிடம் கழித்து 4.1. வியர்வை அடங்கியது. கிளிமெபிரைடு அவ்வளவு சீக்கிரம் விடாது, அதன் வேலை ஒரு நாள் முழுக்க இருக்கும். சர்க்கரைத் தண்ணீர் ஏற்றியதை மறுபடி இறக்கிவிடலாம். அதனால் ரொட்டி இரண்டு துண்டும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து, இன்னும் முக்கால் மணி நேரம் இருத்தி வைத்துப் பார்த்தோம், 5.8. மகளை வரச் சொல்லி, இரவு வரை தனியாக விடவேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள், மறுபடி இறங்கினால் நேரே மருத்துவமனைக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்தோம். நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, திங்கட்கிழமை அவர் மருந்து வாங்கும் கிளினிக்கில் காட்டச் சொன்னோம். மசாஜ் செய்யவில்லை, கட்டணமும் வாங்கவில்லை.

எங்கே தவறினோம்

மறுநாள் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து பேசினோம். சர்க்கரை நோய் என்று படிவத்தில் இருந்தது. மாத்திரையின் பெயரும் இருந்தது. மெட்ஃபார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை இவ்வளவு இறங்குவது அரிது, கிளிமெபிரைடு போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் இறங்கும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். புரட்டாசியும் எனக்குத் தெரியும். தெரிந்த மூன்றும் மூன்று இடத்தில் கிடந்தன.

அக்குபங்சர் செய்பவருக்குத் தமிழ் தெரியாது. வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தில் படித்த, கவனமான மனிதர். நான் வாசலில் ஆன்ட்டியிடம் ஏதோ கேட்டதையும் அவர் பதில் சொன்னதையும் பார்த்து, உணவு பற்றிக் கேட்டாகிவிட்டது என்று விட்டுவிட்டார். என்ன கேட்டாய் என்று பிறகு கேட்டபோது, "சாப்பிட்டீர்களா என்றுதான்" என்றேன். "பிறகு ஏன் சாப்பிட்டதாகச் சொன்னார்? பொய் சொல்வாரா?"

பொய் சொல்லவில்லை என்று அவருக்கு விளக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. நமக்குச் "சாப்ட்டீங்களா" என்பது நலம் விசாரிப்பது. "ஆச்சு" என்பது நலம் என்று திருப்பிச் சொல்வது. இல்லை என்று சொன்னால் கேட்டவர் உடனே அடுப்படிக்குப் போய்விடுவார், அந்தத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்பதற்காகவே ஆச்சு என்போம். அன்று காலை நானே அதைத்தான் செய்தேன். நோயாளி படிவத்தில் எழுதவேண்டிய ஒரு கேள்வியை நான் வாசலில் வணக்கமாகக் கேட்டுவிட்டு, கேட்டாயிற்று என்று நானும் நம்பியிருந்தேன். எனக்கு இதில் இன்னும் வருத்தம் இருக்கிறது. தமிழ் தெரிந்தவள் பக்கத்தில் இருந்ததே அவருக்குப் பாதுகாப்பாக இருந்திருக்க வேண்டும்.

நாற்காலியும் ஒரு தவறு. உட்கார்ந்த நிலையில் மயக்கம் வரும் வாய்ப்பும் விழும் வாய்ப்பும் அதிகம். அன்று அவர் சாயாமல் இருந்தது எங்கள் நல்ல நேரம்.

மறுபடி தொடங்கியது

கிளினிக்கில் மாத்திரையின் அளவைப் பார்த்து மாற்றிக் கொடுத்தார்கள். சாப்பாடு இல்லையென்றால் அந்த மாத்திரையும் இல்லை என்று சிஸ்டர் அட்டையில் பெரிதாக எழுதியிருந்தார். விரதத்தை விடச் சொல்லவில்லை. காலையில் பாலும் பழமும் எடுத்துக்கொண்டு, படைத்த பிறகு அன்னம் சாப்பிடுவது என்று ஆன்ட்டியே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டார்.

இரண்டு வாரம் இடைவெளி விட்டு நான்காம் அமர்வு. இந்த முறை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வலது கைக்குத் தலையணை முட்டுக் கொடுத்தோம். முதல் நாளே இதை யோசித்திருக்கலாம். ஊசி ஒன்பதிலிருந்து ஐந்து. ஊசி போடும் முன் சர்க்கரை பார்த்தோம். மகள் முதலில் தயங்கினார், ஆன்ட்டி தயங்கவில்லை.

ஆறாவது அமர்வின் முடிவில் இரவு வலி 4. பேசியபடி நிறுத்தி யோசித்தோம். தூக்கம் திரும்பியிருந்ததால் இன்னும் இரண்டு அமர்வு தொடர்வது என்றும், அதன் பிறகு மாதம் ஒரு மசாஜும் வீட்டுப் பயிற்சியும் மட்டும் போதும் என்றும் முடிவு செய்தோம்.

இப்போது மாற்றியிருப்பவை

நேரம் கொடுக்கும்போதே, வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஏதாவது சாப்பிட்டு வாருங்கள், விரத நாளாக இருந்தால் வேறு நாள் எடுங்கள் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் செய்தி போகிறது. வரவேற்பு மேசைக் காலண்டரில் புரட்டாசிச் சனி, காவடிக்கு முந்தைய விரத நாட்கள், ரமலான் எல்லாம் குறித்திருக்கிறோம். மீட்டர், குச்சி, சர்க்கரைப் பொட்டலம் மூன்றும் ஊசித் தட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. புதிதாக வருபவர்களுக்கு முதல் மூன்று அமர்வும் படுத்த நிலையில்தான்.

"சாப்ட்டீங்களா" என்று வாசலில் இப்போதும் கேட்கிறேன், அதை விட முடியாது. ஆனால் கட்டிலில் படுத்த பிறகு மறுபடி ஒரு கேள்வி உண்டு: "கடைசியா என்ன சாப்ட்டீங்க, எத்தனை மணிக்கு?" பதிலை மணியோடு எழுதாமல் ஊசி உறையைப் பிரிப்பதில்லை.

தைப்பூசம் வரை

ஜனவரியில் அளந்தபோது கை 125 பாகை தூக்கினார், வெளிப்பக்கம் திருப்புவது 30. இரவு வலி 3, சில நாள் 2. இதில் ஊசிக்கு எவ்வளவு, பயிற்சிக்கு எவ்வளவு, நாளாக ஆக இந்த நோய் தானே இளகுவதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒருவரை மட்டும் வைத்து முடியாது. ஆன்ட்டி எல்லாப் புகழையும் முருகனுக்கே கொடுத்துவிட்டார்.

காவடி தூக்கவில்லை. தோளில் பாரம் வைத்து அத்தனை தூரம் நடப்பது வேண்டாம் என்று நாங்கள் சொன்னோம், இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு ஒப்புக்கொண்டார். பால்குடத்தை இடது இடுப்பில் வைத்துக்கொண்டு தம்பியின் பின்னால் நடந்து வந்தார். மார்ச் மாதக் குறிப்பில் இப்படி இருக்கிறது: தலை வாருகிறார், பின்பக்கக் கொக்கி இன்னும் எட்டவில்லை, முன்பக்கம் கொக்கி வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த பரிசோதனை ஜூன்.